151 லீற்றர்

பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் தண்ணீரைப் பற்றி நான் நிறையவே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராகி வருவது பற்றியும், வரட்சிக் காலங்களில் வன்னிக் கிராமங்களுக்குப் பவுசர்களில் நீர் விநியோகிக்கப்படுவது பற்றியும் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. "இத்தனை ஆயிரம் லீற்றர்" என்று எழுதும்போது அந்த எண்ணுக்கு ஒரு பாரம் உண்டு என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. 151 லீற்றர் என்றால் எவ்வளவு என்பதை 2024 ஜனவரியில், அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில்தான் அறிந்துகொண்டேன்.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் என்னோடு படித்த நண்பர். 1996 இல் நாட்டைவிட்டு வெளியேறிக் கலிபோர்னியாவில் குடியேறியவர். மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின்னர் வேலையை விட்டுவிட்டு, பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்கினார். 'ஆர்.வி.' என்று அங்கே சுருக்கமாக அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த, 24 அடி நீளமான வாகனம். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, மலசலகூடம் எல்லாம் அதற்குள் இருந்தன. பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டியிழுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய்விடுவார்.

லொஸ் ஏஞ்சல்ஸில் நாங்கள் புறப்பட்டபோது அவருடைய மகள் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள்: "மாமா, அப்பாவைப் பாரம் தூக்க விடாதேங்கோ." பயணப் பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறாள் என்று எண்ணி, நானே எல்லாவற்றையும் ஏற்றினேன். கடமை முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் சென்ற இடம் குவார்ட்ஸைற். 10 ஆம் இலக்க நெடுஞ்சாலையில், கொலராடோ நதியைத் தாண்டி சுமார் 20 மைல் கிழக்கே உள்ள சிற்றூர். நிரந்தரமாக வசிப்போர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் ஜனவரியில் வடக்கின் பனிக்குத் தப்பி வருபவர்களின் வாகனங்களால் ஊரைச் சுற்றியுள்ள வெளியெல்லாம் நிறைந்துவிடும். அந்த வெளி அமெரிக்க அரசின் காணி முகாமைத்துவப் பணியகத்துக்கு உரியது. ஊருக்குத் தெற்கேயுள்ள லா போசாப் பகுதியில் அனுமதிக் கட்டணம் செலுத்தி செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். குடிநீர் பெறவும் கழிவை அகற்றவும் அங்கே வசதி உண்டு. ஊரைச் சுற்றி வேறு பகுதிகளில் 14 நாட்கள் இலவசமாகத் தங்கலாம். அங்கே மின்சாரமில்லை, குழாயில்லை, கழிவகற்றும் இணைப்பில்லை. தனிமையை விரும்பிய நண்பர் வடக்கே புளொமோசா வீதியோரமாக உள்ள இலவசப் பகுதியைத் தெரிவு செய்தார்.

இணைப்புகள் எதுவுமின்றித் தங்குவதை அங்குள்ளோர் 'பூன்டொக்கிங்' என்கிறார்கள். 'பூண்டொக்' என்பது பிலிப்பைன்ஸின் தகாலொக் மொழியில் மலையைக் குறிக்கும் சொல். அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களோடு அது ஆங்கிலத்துக்குள் வந்துசேர்ந்தது. 

இத்தகைய வாகனத்தில் மூன்று தாங்கிகள் உண்டு. ஒன்று நல்ல நீருக்கு, மற்றொன்று குளித்துக் கழுவிய நீருக்கு, மூன்றாவது மலசலகூடக் கழிவுக்கு. நண்பரின் வாகனத்தில் நல்ல நீர்த் தாங்கி 40 அமெரிக்கக் கலன் கொள்ளும். அதாவது 151 லீற்றர், அதாவது 151 கிலோகிராம். இருக்கும் அளவைக் காட்ட சமையலறைச் சுவரில் நான்கு சிறு விளக்குகள்: நிறைவு, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, வெறுமை. மூன்றில் ஒன்றுக்கான விளக்கு அணைந்துவிட்டால் உள்ளே 50 லீற்றருக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும் தெரியும். அது 45 லீற்றரா, 5 லீற்றரா என்பதை விளக்கு சொல்லாது. ஆகவே நண்பர் ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் செலவான நீரை ஏறக்குறைய மதிப்பிட்டு அதில் எழுதுவார். தனியாக இருக்கும்போது நாளொன்றுக்கு 15 லீற்றர், பத்து நாட்களுக்கு ஒரு தாங்கி என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கை நான் முதல் நாளே குலைத்தேன். நீண்ட பயணத்தின் களைப்புத் தீர நன்றாகக் குளித்தேன். வாகனத்தின் வெந்நீர்க் கொதிகலன் 6 கலன் மட்டுமே கொள்ளும் சிறிய பாத்திரம். சூடு தணிந்ததும் வேறு யாராக இருந்தாலும் வெளியே வந்திருப்பார்கள். கிணற்றடியில் முப்பது, நாற்பது வாளி அள்ளிக் குளித்து வளர்ந்த நான், குளிர்நீரிலும் தொடர்ந்தேன். வெளியே வந்தபோது நண்பர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் பார்த்தேன்: "குளியல் 60. விருந்தாளி."

அவர் எப்படிக் குளித்தார் என்பதை மறுநாள் கவனித்தேன். உடலை நனைத்துவிட்டு நீரை நிறுத்துகிறார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்த பின் மீண்டும் திறந்து கழுவுகிறார். வெந்நீர் வரும்வரை குழாயில் வரும் குளிர்நீரை ஒரு வாளியில் பிடித்து, அதையே மலசலகூடத்துக்குப் பயன்படுத்துகிறார். சாப்பிட்ட கோப்பைகளை முதலில் கடதாசியால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறார். கழுவிய நீரையும் அவர் மண்ணில் ஊற்றுவதில்லை. அதையும் சுமந்து சென்றே அகற்றுவார். வீணாக்கும் ஒவ்வொரு லீற்றரும் ஒரு தாங்கியைக் காலியாக்கி, இன்னொன்றை நிரப்பிவிடுகிறது.

மூன்றாம் நாள் இரவு தேநீருக்காகக் கேத்தலை நிரப்பக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் இருமுறை இருமிவிட்டு நின்றது. கட்டிலுக்கு அடியில் நீர்ப்பம்பி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்ததும் ஓடி, மூடியதும் அழுத்தம் ஏறித் தானாக நிற்கும் 12 வோல்ட் பம்பி அது. தாங்கி வெறுமையானால் அழுத்தம் ஏறாது. ஆளியை அணைக்கும்வரை ஓடும். நண்பர் எழுந்து வந்து அணைத்தார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. கொப்பியில் அது முன்னரே எழுதப்பட்டிருந்தது.

"வெளிப் பெட்டியில ஒரு கான் கிடக்கு. ஊத்திப்போட்டு வாறன்," என்று டோர்ச்சோடு இறங்கிப் போனார். நீலநிறப் பிளாஸ்டிக் கான், 7 கலன், நீர் நிரம்பினால் 26 கிலோ. நீர் ஊற்றும் வாய் வாகனத்தின் பக்கவாட்டில் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. காரைப் பொங்கலுக்கு வெளிக்கிடுபவர் போல அவ்வளவு சாதாரணமாகப் போனபடியால் நான் உள்ளேயே இருந்துவிட்டேன். சற்று நேரத்தில் கான் நிலத்தில் 'தொப்'பென்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

போய்ப் பார்த்தபோது நண்பர் வாகனத்தின் படியில் அமர்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். முகம் வியர்த்திருந்தது, பாலைவனத்தில் ஜனவரி இரவு வியர்க்கும் இரவல்ல. மகளின் வார்த்தைகள் எதைப் பற்றியவை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒண்டுமில்லை மச்சான். மூச்சு வாங்குது, அவ்வளவுதான்," என்றார். மூச்சு சீரான பின் உண்மையைச் சொன்னார். சத்திரசிகிச்சைக்குப் பின் பாரம் தூக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வாகனத்தை ஓட்டலாம், சமைக்கலாம், நடக்கலாம். தண்ணீர் நிரப்புவது மட்டும்தான் இடைஞ்சல். வாகனத்தையே ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் ஓட்டிச் செல்வதென்றால் நிழற்கூரையை மடித்து, சில்லுகளுக்கு அடியில் வைத்த கட்டைகளை எடுத்து, முழுக் குடித்தனத்தையும் கட்டியெடுக்க வேண்டும். ஆகையால் குறைவாகச் செலவழித்து நாட்களை நீட்டி வந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு இது தெரியவந்தால் வாகனத்தை விற்கச் சொல்வார்கள்.

"வித்தால் நான் எங்கை போறது? அந்த வீட்டில அவளில்லாமல் இருக்கேலாது," என்றார்.

தாங்கி தீரப் போவதை அறிந்திருந்தும் அவர் ஏன் இரண்டு நாட்களாக ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய தனிவாழ்வு முழுவதும் 26 கிலோகிராமில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமநிலையின் மீது நான் அறுபது லீற்றரை ஊற்றிக் குளித்திருந்தேன்.

கானை நான் தூக்கினேன். புனலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் ஐந்து லீற்றரளவு என் காற்சட்டையிலும் மணலிலும் போயிற்று. என் இடுப்பும் ஐம்பதைத் தாண்டியதுதான் என்பதை அது உடனேயே நினைவூட்டியது.

அந்த ஆரவாரத்தைக் கேட்டு, அடுத்திருந்த வாகனத்திலிருந்து ஒரு மூதாட்டி விளக்கோடு வந்தார். மினசோட்டாவைச் சேர்ந்தவர், பாடசாலைப் பேருந்து ஓட்டுநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனியாகவே பயணிக்கிறார். எங்கள் இருவரையும் கானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணீரைத் தூக்குவதை நான் எழுபது வயதில் நிறுத்திவிட்டேன். காலையில் வாருங்கள், காட்டுகிறேன்," என்றார்.

காலையில் அவர் காட்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பம்பி. 12 வோல்ட், கார் பற்றரியில் கவ்வி வைக்கலாம். குடிநீருக்கு உகந்த இரண்டு ஹோஸ் பைப்புகள். ஒன்றின் நுனி கானுக்குள், மற்றதன் நுனி வாகனத்தின் நீர்வாய்க்குள். மூன்று நிமிடத்துக்குள் கான் வெறுமையாகிவிட்டது. அவர் கானைக் காரை விட்டு இறக்கவேயில்லை. குழாயடியில் கார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கானை நிரப்புகிறார். திரும்பிவந்து காரை வாகனத்தின் அருகே நிறுத்தி, அங்கிருந்தே ஏற்றுகிறார். யாரும் எதையும் தூக்குவதில்லை. நண்பர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொறியியலாளர்கள் நிறைந்த ஊரில் இருபத்தைந்து வருடம் வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று தமிழில் சொல்லிக்கொண்டார்.

அன்று காலையே ஊருக்குள் போய் அதேபோன்ற பம்பி ஒன்றை வாங்கினோம். பின்னர் நீர் விற்கும் இடத்துக்குச் சென்றோம். அங்கே நண்பர் எனக்குச் சில பாடங்கள் நடத்தினார். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கும். கழிவுத் தாங்கியைக் கழுவுவதற்கான குழாயில் 'குடிப்பதற்கல்ல' என்று எழுதியிருக்கும். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டுத் தெளிந்த பின்னரே நிரப்ப வேண்டும். குடிநீருக்கான ஹோஸை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. அதனால் அது வெள்ளை அல்லது நீல நிறத்தில் இருக்கும், நுனிகளுக்கு மூடியும் உண்டு. நமக்கு முன் வந்தவர் அந்தக் குழாயில் எதைப் பூட்டினாரோ தெரியாது. ஆகையால் குழாயின் வாயை வெளிறல் திரவம் கலந்த நீரால் துடைத்து, சற்று நேரம் நீரை ஓடவிட்ட பின்னரே ஹோஸைப் பூட்ட வேண்டும். 

பருவத்தின் தொடக்கத்தில் தாங்கியையும் அவர் சுத்திகரிப்பார். ஒவ்வொரு 15 கலனுக்கும் கால் கோப்பை, அதாவது 60 மில்லி லீற்றரளவு, வாசனை சேர்க்காத வீட்டுப் பாவனை வெளிறல் திரவம். அதைக் கலந்து தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் அதன் மணம் வரும்வரை திறந்து, 12 மணி நேரம் விட்டு, பிறகு மணம் போகும்வரை நல்ல நீரால் அலசுவார். கிணறு இறைத்துக் குளோரின் இடும் நம் ஊர் வழக்கத்தை அது எனக்கு நினைவூட்டியது.

திரும்பும் வழியில் ஊரின் மயானத்தில் ஒரு கூர்நுனிக் கோபுரத்தைக் காட்டினார். உச்சியில் உலோக ஒட்டகம். ஹாஜி அலி என்பவரின் நினைவுச்சின்னம் அது. உள்ளூர்வாசிகளின் நாவில் அவர் 'ஹாய் ஜொலி' ஆனார். 1850 களில் அமெரிக்க இராணுவம் இந்த வரண்ட தென்மேற்கில் பாரம் சுமக்க ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பரீட்சித்தது. அவற்றை நடத்த வந்தவர்களில் ஒருவர் அவர். பரீட்சார்த்தம் கைவிடப்பட்டது. அவர் இந்த நாட்டிலேயே தங்கி, 1902 இல் இவ்வூரில் இறந்தார். காரின் பின்புறம் மூன்று கான்களில் 78 லீற்றர் தளும்பிக்கொண்டிருக்க, அந்தக் கோபுரத்தின் முன் நின்றோம். "அவரும் எங்களை மாதிரித்தான், தண்ணிப் பிரச்சினையால பேர் வாங்கினவர்," என்றார் நண்பர்.

அன்று மாலை நான் ஒரு தவறு செய்தேன். பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம். 1995 ஒக்டோபர் 30 ஐ நினைவுபடுத்தினேன். வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்த அந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்துக்குள் நாங்கள் இருவரும் இருந்தோம். இருபுறமும் கடனீரேரியின் உப்புநீர். மழை பெய்தபோது குடையைக் கவிழ்த்துப் பிடித்து நீர் சேர்த்தார்கள். நண்பரிடம் அவர்கள் வீட்டுக் கிணற்று நீர் ஐந்து லீற்றர் ஒரு கானில் இருந்தது. என் தாயாருக்கு அதன் மூடியால் அளந்து ஊற்றிக் கொடுத்தார். அந்த மூடியும் இந்தக் கொப்பியும் ஒன்றுதானே என்று கேட்டேன்.

நண்பர் சிரிக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை மச்சான். இது பொழுதுபோக்கு. வேணுமெண்டால் நாளைக்கே கட்டிக்கொண்டு போய்க் காசைக் குடுத்து, குழாய் பூட்டின இடத்தில நிக்கலாம். அங்கை அப்பிடிப் போக ஒரு இடமும் இருக்கேல்லை. இதைப்பற்றி எழுதினால் ரெண்டையும் சேர்த்து எழுதாதை."

இப்போது சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்ன வேறுபாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். விரும்பி ஏற்ற தட்டுப்பாடு வேறு, திணிக்கப்பட்ட தட்டுப்பாடு வேறு. முப்பது வருடங்களாக நான் எழுதிய செய்திகளில் பவுசருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நிரப்பிய குடத்தின் கொள்ளளவை நான் எழுதியிருக்கிறேன். அதை யார் தூக்கிச் சென்றார், எவ்வளவு தூரம் தூக்கினார், அவருக்கு என்ன வயது, என்ன நோய் என்று கேட்டு எழுதியதாக நினைவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் நண்பர் என்னை ஒரு கதிரையில் இருத்தினார். "எழும்பக்கூடாது. பார்த்துக்கொண்டிரு," என்றார். தனியாக ஊருக்குப் போனார். மூன்று கான்களைக் காருக்குள்ளேயே நிரப்பிக்கொண்டு வந்தார். பம்பியைப் பூட்டி ஏற்றினார். மீண்டும் போனார், மீண்டும் ஏற்றினார். இரண்டாவது தடவையின் இறுதியில் நீர்வாயிலிருந்து கொஞ்சம் வழிந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றரை மணிநேரம் எடுத்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

அன்றிரவு மகள் தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்த பின் என்னைக் கேட்டாள்: "மாமா, அப்பா தண்ணி தூக்கினவரோ?" அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாட்களில் நடந்ததை நான் மறைக்கவில்லை. படியில் அமர்ந்திருந்த அந்த இரவையும் சொன்னேன். அதன் பின் பம்பியைப் பற்றியும், அன்று என் கண்முன்னே அவர் எதையும் தூக்காமல் நிரப்பிய 151 லீற்றரைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். "அந்தப் பம்பி பழுதானால் என்ன செய்வார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நண்பர் மறுநாளே இரண்டாவது பம்பி ஒன்றை வாங்கினார். ஊர் திரும்பியதும் வைத்தியரிடம் மகளோடு போவதாகவும் அவர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

வாகனம் விற்கப்படவில்லை. அடுத்த குளிர்காலத்திலும் நண்பர் புளொமோசா வீதியோரம் போய் நின்றார். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். திகதி, செலவு, மீதி என்ற மூன்று நிரல்களோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தது: "தூக்கியது." அதன் கீழே எல்லாம் பூச்சியம்.

படத்தின் கீழே ஒரு குரற்பதிவும் இருந்தது. "மச்சான், இன்னொருக்கா வா. ஆனால் வரேக்க வீட்டிலேயே நல்லாக் குளிச்சிட்டு வா."